புளியும் உப்புத்தாளும்

மயிலாப்பூர் வீட்டுப் பரணில், அப்பா ஓட்டிய பழைய லாரியின் டேஷ்போர்டு வளையங்கள் இரண்டு கிடைத்தன. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் வண்டி.

ஞாயிறு காலை புளி, உப்போடு உட்கார்ந்தேன். ("குத்துவிளக்கு தேய்க்கச் சொன்னா மட்டும் இடுப்பு வலி!" - மனைவி.) புளியின் அமிலத்தில் கறுப்பு கரைய, பித்தளை வளையம் பளபளத்தது. அடுத்ததை உற்சாகமாய் உப்புத்தாளால் ஒரு பிடி பிடித்தேன். அது குரோமிய முலாம்! ஒரு மைக்ரான்கூடக் கனமில்லாத சமாசாரம். அடியிலிருந்த நிக்கலும் போய், மஞ்சள் பல்லிளித்தது.

புதுப்பேட்டைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சோப்புத் தண்ணியும் துணியும் போதுமே சார்" என்றார்.

"அப்பா வண்டியோடது. வேற வளையம் இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுல உங்கப்பா கை பட்டிருக்காதே, பரவாயில்லையா?"

வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.