பேரப்பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கப்பலேறியோர் அந்நாளில் குடும்பத்தை ஊரிலேயே விட்டுச் சென்றனர். இன்று ஹாம்பர்க் துறைமுகத்தில் பணியேற்கும் மகன், மனைவி மக்களையும் அழைத்துக்கொள்கிறான். சகோதரிகளே, ‘இருமொழி சர்வதேசப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகையில் மயங்கிவிடாதீர்கள்! எந்தெந்தப் பாடம் ஜெர்மன் மொழியில், எவை ஆங்கிலத்தில், இறுதித் தேர்வு அபிட்டூரா, ஐ.பி.யா, கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டணமில்லாத அரசுப் பள்ளியே போதும் என்பேன். விளையாட்டோடு விளையாட்டாக மொழி வந்துவிடும். பத்து வயதென்றால் யோசிக்க வேண்டும். ஹாம்பர்க்கில் தொடக்கக் கல்வி நான்காம் வகுப்போடு முடிகிறது. பிறகு ஜிம்னாசியம், ஸ்டாட்டைல்ஷூலே என வழி பிரிகிறது. கணக்கில் சூரனான பிள்ளையும் மொழி தெரியாமல் அவ்வேளையில் தடுமாறக்கூடும். புதிதாய் வருவோர்க்கு அரசுப் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிக்கும் ஆயத்த வகுப்புகள் உள்ளன. இரண்டு மூன்று ஆண்டுகளில் சென்னை திரும்புவதாயின், ஆங்கிலமும் கைவிடப்படாத இருமொழிப் பள்ளியே உகந்தது. பெர்லினில் 1992 முதல் அரசே அத்தகைய பள்ளிகளைக் கட்டணமின்றி நடத்துகிறது.

தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த முன்னோரின் வழிவந்த பிள்ளைக்கு இரு மொழி பாரமாகாது. தமிழ்தான் நழுவும். ஈழத்தமிழர் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஜெர்மனியின் பல நகரங்களில் உண்டு. வீடு பார்க்கும்போதே அதன் தொலைவையும் மகனிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.