பூவாக்கப்படும் பெண் பிள்ளைகள்: எமது பதாகைகள் யாருக்காக?

பரீட்சைப் பெறுபேறு வெளியானால் எமது ஊர்களில் பாடசாலைக்கு அடுத்தபடியாகப் பரபரப்பாக இருப்பது பிரிண்டிங் கடைதான். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று மட்டக்களப்பு மாவட்டத்தின் எந்த முஸ்லிம் ஊருக்குப் போனாலும் இதே காட்சிதான். தரம் 5 புலமைப்பரிசில் என்றாலும் சாதாரண தரம் என்றாலும் இரண்டு நாட்களுக்குள் பிரதான வீதியின் இரு பக்கமும் வாழ்த்துப் பதாகைகள் நிறைந்து விடும். அல்ஹம்துலில்லாஹ், கல்வியைக் கொண்டாடும் சமூகமாக நாம் இருப்பது நல்லதே. ஆனால் அந்தப் பதாகைகளைச் சற்று நின்று பார்த்தால் மனதை உறுத்தும் ஒரு விடயம் தெரியும்.

சித்தியடைந்த ஆண் பிள்ளைகளுக்குப் படம் இருக்கும். பெண் பிள்ளைகளின் பெயருக்கு மேலே ஒரு ரோஜாப்பூ இருக்கும். சில பதாகைகளில் பதினைந்து பேரில் பத்துப் பேர் ரோஜாப்பூக்கள். பத்தும் ஒரே பூ. அதேவேளை பதாகையின் இரு பக்கமும் பிள்ளைகளை விடப் பத்து மடங்கு பெரிதாக, கைகூப்பியபடி அரசியல்வாதிகளும் அனுசரணையாளர்களும் நிற்பார்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவர் இப்போது டிசைன் வேலை செய்கிறார். அவருடைய கடையில் ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். "டீச்சர், யாரும் பூ போடச் சொல்றதில்ல. பெண் பிள்ளைகள்ட படம் வராது. கட்டம் வெறுமையா இருந்தா பார்க்க வடிவில்ல. நாங்களே பூவைப் போட்டுடுவோம்" என்றார். போட்டோஷொப்பில் ஒரு பழைய பதாகையைத் திறந்து, பெயர்களை மாற்றி, வட்ஸ்அப்பில் வந்த படங்களை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. இரவோடிரவாக முடித்துக் கொடுக்க வேண்டும். ஆக, எமது பெண் பிள்ளைகளை எப்படிக் காட்டுவது என்பதைப் பெற்றோரோ பாடசாலையோ உலமாக்களோ தீர்மானிக்கவில்லை. வெற்றுக் கட்டத்தை நிரப்பும் அவசரம்தான் தீர்மானிக்கிறது.

பெயராவது சரியாக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழை இட்டால் கொம்பும் காலும் இடம்மாறி விடும். அதனால் இன்றும் பல கடைகளில் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு நடக்கிறது. பாடசாலை அனுப்பும் யூனிகோட் பட்டியலை அப்படியே ஒட்ட முடியாது. மீண்டும் தட்டச்சு செய்யும்போது பெயர்கள் பிழைக்கின்றன. படம் உள்ள பிள்ளையின் பெயர் பிழைத்தால் முகத்தை வைத்து அடையாளம் காணலாம். பூவுக்குக் கீழே பெயரும் பிழைத்தால் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பதாகையில் என்ன மிஞ்சுகிறது?

நானும் ஒருமுறை பூவாகியிருக்கிறேன். ஆசிரியர் கௌரவிப்பு நிகழ்வொன்றுக்கு அடித்த பதாகையில் ஆண் ஆசிரியர்களுக்குப் படமும், எனக்கும் இன்னும் சில ஆசிரியைகளுக்கும் ரோஜாவும் போட்டிருந்தார்கள். கேட்டிருந்தால் நானே படம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்கவில்லை. என் வருத்தம் அதுதான்.

இந்தப் பூவுக்கு வெளிநாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. எகிப்தில் ஹுஸ்னி முபாரக் வீழ்ந்த பின்னர் 2011 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் தொடங்கியது. ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸலபி சிந்தனை கொண்ட அந்நூர் கட்சி பெண் வேட்பாளர்களை நிறுத்தியது. ஆனால் சுவரொட்டிகளில் அவர்களின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பூவைப் போட்டது. எகிப்திய முஸ்லிம்களே அதைக் கேலி செய்தார்கள்.

எமக்கும் அதே கேள்வி வந்துவிட்டது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு நீண்டகாலம் சுமார் 2 வீதமாகவே இருந்தது. 2016ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டைக் கொண்டு வந்தது. 2018 பெப்ரவரி 10இல் நடந்த தேர்தலிலும், 2025 மே 6இல் நடந்த தேர்தலிலும் எமது ஊர்ப் பெண்கள் பட்டியல்களில் இடம்பெற்றார்கள். உள்ளூராட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும்தான் இருக்கும், வேட்பாளரின் பெயர் இருக்காது. அப்படியென்றால் எமக்காகச் சபையில் பேசப் போகும் பெண் யார் என்பதை வாக்காளர் எங்கே அறிவது? துண்டுப்பிரசுரத்திலும் பேஸ்புக்கிலும்தான். அங்கேயும் பூவைப் போட்டால், ஆள் யாரென்று தெரியாமல் ஒதுக்கீட்டை நிரப்பியதாகத்தான் ஆகும்.

பெற்றோரின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பேஸ்புக்கில் இருந்து ஒரு பெண்ணின் படத்தை எடுத்துப் போலிக் கணக்குத் திறப்பதும், வேறு உடலோடு ஒட்டிப் பரப்புவதும் நடக்கிறது. முன்பு அதற்குத் தேர்ந்த டிசைனர் தேவைப்பட்டார். இப்போது கைத்தொலைபேசியே போதும். ஹிஜாபைப் பேணும் ஒரு பிள்ளை தன் படம் வீதியில் தொங்கக்கூடாது என்றால் அது அவளுடைய உரிமை, அதை மதிக்க வேண்டும். ஆனால் காரணம் பாதுகாப்பு என்றால் பத்து வயது ஆண் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். அவனுடைய முகமும் பெயரும் பாடசாலையும் மாதக்கணக்கில் சந்தியில் தொங்குவது எந்த வகையில் நல்லது?

பொதுவாழ்வுக்கு வரும் பெண்ணின் விடயம் வேறு. தேசிய அடையாள அட்டைக்கும், ஹஜ்ஜுக்குப் போகும் கடவுச்சீட்டுக்கும் முகம் தெரியும் படத்தைத்தான் கொடுக்கிறோம். கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப், சுதந்திரம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே கொழும்பு மாநகர சபையில் பிரதி மேயராக இருந்தார். மர்ஹூம் அஷ்ரஃப் 2000 செப்டெம்பரில் மறைந்த பின்னர், அடுத்த மாதமே நடந்த பொதுத் தேர்தலில் திகாமடுல்ல மாவட்டத்தில் பேரியல் அஷ்ரஃப் தெரிவானார். முகம் தெரிந்த ஒரு பெண்ணுக்குத்தான் எமது அயல் மாவட்ட மக்கள் விருப்பு வாக்களித்தார்கள். அதனால் மார்க்கம் எதையும் இழந்து விடவில்லை.

எனவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் சில வேண்டுகோள்கள். முதலாவது, படம் போடுவதற்கு முன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். இரண்டாவது, சிலர் படம் வேண்டாம் என்றால் எவருக்கும் படம் வேண்டாம். எல்லோருடைய பெயரையும் பெறுபேற்றையும் ஒரே அளவில், பெரிய எழுத்தில் போடுங்கள். வெறுமை தெரியாது, பூவும் தேவைப்படாது. மூன்றாவது, அச்சுக்குப் போகும் முன் ஒரு தமிழ் ஆசிரியரிடம் காட்டிப் பெயர்களைச் சரிபாருங்கள். நான்காவது, பிள்ளை இரவு பகலாகப் படித்துப் பெற்ற வெற்றியில் அரசியல்வாதியின் படத்துக்கு இடமில்லை. ஐந்தாவது, ஒரு வாரத்தில் பதாகையைக் கழற்றி விடுங்கள். காற்றில் கிழிந்த ஃபிளெக்ஸ் துண்டுகள் வடிகான் வழியாகப் போய்ச் சேருவது எமது வாவியில்தான்.

பெண்களை வேட்பாளராக நிறுத்தும் கட்சிகளுக்கும் ஒன்று. அவரை மக்களுக்கு அறிமுகம் செய்யத் தயங்குபவர்கள், அவரைச் சபையில் பேச விடுவார்களா என்று வாக்காளர் கேட்பார்கள்.

அடுத்த பெறுபேறும் வரும், இன்ஷா அல்லாஹ். எமது பெண் பிள்ளைகள் வழமைபோல் முன்னணியில் இருப்பார்கள். அந்தப் பதாகையில் தன் பெயரைப் பிழையின்றி, பெரிதாக ஒரு பிள்ளை வாசித்து மகிழட்டும். அதற்கு மேலதிகமாக ஒரு ரூபாவும் செலவாகாது.