டின் நாலு லிட்டர்... பல்பு நூறு வாட்ஸ்!

போன வாரம் என் லேப் வைவா சோகத்தைப் படிச்சுட்டு ஆறுதல் சொன்ன நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இந்த வாரம் அதைவிடப் பெரிய சோகம். சம்பவம் நடந்த இடம், திருச்சி உறையூர்ல எங்க வீடு. பாதிக்கப்பட்டது, எங்க வீட்டுச் சுவர். குற்றவாளி... ஹி.. ஹி.. அடியேன்தான்!

அக்காவுக்கு தை மாசம் நிச்சயதார்த்தம். வீட்டுலயே வெச்சுக்கலாம்னு முடிவாச்சு. மாப்பிள்ளை வீட்டுல இருந்து அம்பது பேர் வர்றாங்க. சுவரோ, தாத்தா போனதுக்கு அப்புறம் ஏழெட்டு வருஷமா கவனிப்பாரில்லாம அழுது வடியுது. அப்பா ஒரு பெயிண்டர் அண்ணனைக் கூட்டிட்டு வந்தார். அவர் ரூம் ரூமா நடந்து, சுவரைத் தட்டி, தடவி, அண்ணாந்து பார்த்துட்டு, "சாமான் உங்களுது சார். கூலி மட்டும் 32,000. மூணு பேர், 12 நாள்"னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சிவில் மூணாவது வருஷம் படிக்கிற பையன் எப்படிங்க சும்மா இருப்பான்? "பெயிண்ட் அடிக்க 12 நாளாண்ணே? இழுத்தடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"னு கேட்டுட்டேன். அவர் கோபப்படலை. "பெயிண்ட் அடிக்க மூணு நாள்தான் தம்பி"னு மட்டும் சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரிய ரெண்டு வாரம் ஆச்சு.

அப்பாகிட்ட டீல் பேசினேன். லீவுதானே, நானே அடிக்கிறேன். மிச்சமாகிற கூலியில பாதி என் லேப்டாப்புக்கு! நிச்சயதார்த்தச் செலவு அவர் கழுத்தை நெரிச்சுட்டு இருந்த நேரம். தலையாட்டிட்டார்.

முதல் பலி, என் ரூம். பத்துக்குப் பத்து, உயரமும் பத்து அடி. நாலு சுவரும் சேர்த்து 400 சதுர அடி, சீலிங் 100. கதவு, ஜன்னல், ஷெல்ஃப் கழிச்சா 450. ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120, 130 சதுர அடி வரும்னு கடையில சொன்னாங்க. அப்போ 4 லிட்டர் டின் போதும்! எஸ்டிமேஷன் பேப்பர்ல 80-க்கு மேல எடுத்தவன் கணக்கு தப்புமா? மெஷின்ல கலர் கலந்து, குலுக்கிக் கொடுத்த சந்தன கலர் எமல்ஷனோட ஒரு ரோலர், ஒரு பிரஷ். யூடியூப்ல ரெண்டு வீடியோ. பழைய லுங்கி. பிரியாணி வாங்கித் தர்றேன்னு சொல்லி வரவெச்ச ரெண்டு நண்பர்கள். களத்துல குதிச்சாச்சு!

சும்மா சொல்லக் கூடாது, முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். ரோலர் 'சர்ர்ர்'னு ஓட ஓட அழுக்கெல்லாம் மறையுது. 'இதுக்கா 32,000?'னு ஒரு நக்கல் சிரிப்பு வேற. முதல் கோட்டே முடியலை, மூணாவது சுவர் பாதியில டின் காலி. சுவர் பெயிண்ட்டைக் குடிக்குது பாஸ்! கலர் நம்பர் எழுதின சீட்டை எவனோ பிரியாணியோட சேர்த்துக் குப்பையில போட்டுட்டான். குத்துமதிப்பா இன்னொரு டின் கலந்து வாங்கிட்டு வந்தா, பகல் வெளிச்சத்துல சுவர் நடுவுல கோடு போட்ட மாதிரி ரெண்டு சந்தனம். சரி, ரெண்டாவது கோட்டுல மறைஞ்சுடும்னு மறுநாள் ரோலரை வெச்சேன். முந்தின நாள் அடிச்சது அப்படியே உரிஞ்சு ரோலரோட சுத்திக்கிட்டு வந்துச்சு. கல்லுல இருந்து தோசை வர்ற மாதிரி!

இதுவரைக்கும் காமெடி.

நான் உள்ளே தோசை சுட்டுட்டு இருந்தப்போ, அப்பா வெளியில இருந்தார். 'பையன் ஒருத்தனே கஷ்டப்படறானே'னு, மேஜை மேல ஸ்டூலைப் போட்டு ஏறி, சன்ஷேடுக்கு மேல சுரண்ட ஆரம்பிச்சிருக்கார். 56 வயசு, சுகர் வேற. ஸ்டூல் கவிழ்ந்த சத்தம் கேட்டு நான் ஓடினப்போ, ஒரு கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தார். தாங்கிப் பிடிச்சு இறக்கிட்டோம். மணிக்கட்டு வீங்கிப் போச்சு. எக்ஸ்ரேயில எலும்பு முறிவு இல்லைனு தெரியற வரைக்கும், ஆஸ்பத்திரி பெஞ்ச்சுல அக்கா என் முகத்தையே பார்க்கலை. அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து பெயிண்டர் அண்ணனுக்கு அடிச்சாங்க.

மறுநாள் காலையில வந்தவர், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" ரக டயலாக் எதுவும் பேசலை. நான் இன்னும் கைவைக்காத ஹால் சுவர்ல உள்ளங்கையை அழுத்தித் தேய்ச்சு என்கிட்ட நீட்டினார். கை பூரா வெள்ளை. "உங்க தாத்தா பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்து அடிச்ச சுண்ணாம்பு, தம்பி. நீ பெயிண்ட்டை சுவர்ல அடிக்கலை, மாவு மேல அடிச்சிருக்கே."

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில படிச்சதுதான். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து கால்சியம் கார்பனேட்டா மாறும். மார்க்குக்கு சமன்பாடு எழுதத் தெரிஞ்ச எனக்கு, அது வருஷக்கணக்குல அடுக்கடுக்கா ஏறி, மேலாக மாவாகி, எங்க வீட்டுச் சுவர்லயே உட்கார்ந்திருக்குனு தெரியலை. எமல்ஷன் அந்த மாவைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஈர ரோலர் பட்டா மாவோட சேர்ந்து வந்துடும்.

அப்புறம்தான் அந்த 12 நாள் கணக்கு புரிஞ்சது. பழைய சுண்ணாம்பைத் தகடு வெச்சு சுரண்டணும். தூசி தட்டணும். பிரைமர். அது காயணும். பட்டி ஒரு கை, காயணும். உப்புத்தாள் போட்டு தேய்க்கணும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். இத்தனையும் முடிஞ்ச பிறகு கடைசி மூணு நாள்தான் நாம 'பெயிண்ட் அடிக்கிறது'னு சொல்ற சமாசாரம்!

ஹால்ல ஒரு மூலையில உப்பு பூத்து சுவர் பொரிஞ்சு கிடந்தது. நானா இருந்தா அதுக்கு மேலயும் உருட்டியிருப்பேன். அவர், "இதுக்குப் பின்னாடி என்ன சார்?"னு கேட்டார். பாத்ரூம். "முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க. ஓதம் நிக்காம இதுல கை வெக்க மாட்டேன்"னுட்டார். பைப் ஜாயின்ட் கசிவு! அவருக்கு வர வேண்டிய வேலையை அவரே தள்ளிப் போட்டது அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பரிகாரமா, "நானும் கூட வேலை செய்யறேண்ணே"ன்னேன். ஜன்னலைக் கொடுத்தார். உற்சாகமா உப்புத்தாளை எடுத்து வறட்டு வறட்டுனு தேய்ச்சேன். ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டார். "பழைய இனாமல் தம்பி, தண்ணி தொட்டுத் தேய்." ராத்திரி தேடிப் படிச்சப்போ பகீர்னுச்சு. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுனு விதி போட்டதே 2016-லதான். அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச இனாமல்ல எவ்வளவு ஈயம் இருந்ததோ! காய்ஞ்சபடி தேய்ச்சா தூசியா மூக்குல ஏறும். சின்னப் பசங்களோட மூளை வளர்ச்சியையே கெடுக்கும். சட்டம் வர்றதுக்கு முந்தி எத்தனை ஜன்னலை அவர் முகத்துல ஒரு துண்டை மட்டும் கட்டிக்கிட்டு தேய்ச்சிருப்பார்? மறுநாள் எல்லாருக்கும் மாஸ்க் வாங்கிட்டு வந்தேன். "மூச்சு முட்டுது தம்பி"ன்னார். ஆனா, போட்டுக்கிட்டார்.

வெளிச்சுவருக்கு சவுக்குக் கம்புல சாரம் கட்டி, மேல ஏறும்போது ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துட்டுத்தான் காலை வெச்சாங்க. கீழே நாற்காலியில கைக்கட்டோட அப்பா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலை.

அதுக்காக பிரஷ்ஷையே தொடாதீங்கனு சொல்ல வரலை மக்களே. சுவர் ஏற்கெனவே எமல்ஷனா? தேய்ச்சா கையில மாவு ஒட்டலையா? ஓதம் இல்லையா? தரையில நின்னே ரோலர் கம்பு எட்டுதா? தாராளமா அடிங்க, செம ஜாலியான வேலை. வாடகை ரூம்னா ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டு அடிங்க. கலர் நம்பரை மட்டும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, ப்ளீஸ்!

கடைசி கணக்கு: கூலி 32,000. என் ரூமை உரிச்சு எடுக்க எக்ஸ்ட்ரா 1,500. வீணான ரெண்டு டின், எக்ஸ்ரே, பிரியாணி தனி. லேப்டாப், அடுத்த ஜென்மத்துல!

நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வேலை முடிஞ்சது. வந்தவங்கள்ல ஒரு பெரியவர் ஹால் சுவரைத் தடவிப் பார்த்து, "யாருங்க பெயிண்டர்? நம்பர் கொடுங்க"ன்னார். அப்பா கட்டுப்போட்ட கையால என் பக்கம் காட்டி, "ஹெல்பர் இவன்தான், இவன்கிட்ட இருக்கும்"னார். என் ரூம்ல பீரோவுக்குப் பின்னாடி மட்டும் ரெண்டு சந்தனமும் கோடும் அப்படியே இருக்கு. சுரண்ட வந்தவங்களைத் தடுத்தது அம்மா. பீரோவை நகர்த்தவே விட மாட்டேங்கறாங்க.