வெயிலைத் தேடி ஒரு சைக்கிள் யாத்திரை

வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடுகிறவர்கள் நாம். வெயிலைத் தேடிக் கடல் கடந்து ஓடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால், நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் டிஸம்பர் மாதத்தில் லண்டனில் இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். 21-ஆம் தேதி வாக்கில் அங்கே சூரிய பகவான் காலை எட்டு மணிக்குப் பிறகு எழுந்திருக்கிறார். மாலை நாலு மணி அடிப்பதற்கு முன்பே படுக்கைக்குப் போய் விடுகிறார். மொத்தப் பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. அதிலும் பெரும்பகுதி மேக மூட்டம்.

அந்த ஊரில் ஒரு குமாஸ்தா இருப்பதாக வைத்துக் கொள்வோம். மனிதருக்குச் சைக்கிள் பந்தயத்தில் அபார மோகம். வசந்த காலத்துப் பந்தயத்துக்கு வேண்டிய பலத்தைக் குளிர்காலத்திலேயே சேகரித்தாக வேண்டும். சாலையிலோ பனி உறைந்து சக்கரம் வழுக்குகிறது. ஆகவே, வருஷம் முழுவதும் மிச்சம் பிடித்த பணம், ஆபீஸில் மன்றாடி வாங்கிய எட்டு நாள் லீவு, மனைவி மனமிரங்கித் தந்த அநுமதி ஆகிய மூன்றையும் முதலாக வைத்துக் கொண்டு தேசப் படத்தை விரிக்கிறார். இந்த மூன்றும் மறுபடி ஒரு வருஷத்துக்குக் கிடைக்கமாட்டா. தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் நஷ்டம்.

ஐரோப்பியச் சைக்கிள்காரர்கள் குளிர்காலத்தில் நாடும் இடங்களில் ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமான இரண்டு தீவுகள் பிரசித்தமானவை. ஒன்று மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்க்கா. மற்றொன்று ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் உள்ள கானரித் தீவுகளைச் சேர்ந்த டெனெரீப்.

உஷ்ணமானியை மட்டும் பார்த்தால் விவகாரம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஜனவரி மாதத்தில் மயோர்க்காவின் பால்மா நகரில் பகல் உஷ்ணம் சுமார் 15 டிகிரி சென்டிகிரேட். டெனெரீபின் தென் கரையில் 20 டிகிரிக்கு மேல். கானரித் தீவுகள் நம் டில்லி நகரத்தின் அட்ச ரேகைக்கு அருகில் இருப்பதால் பகலும் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேலாக நீடிக்கிறது. "பின் யோசனை என்ன? டெனெரீபுக்கே டிக்கெட் வாங்கிவிட வேண்டியதுதானே!" என்று நேயர்கள் கேட்கலாம். குமாஸ்தாவும் அப்படித்தான் எண்ணுவார். இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும்.

டெனெரீப் ஒரு தீவு என்பதைவிட, கடலிலிருந்து எழுந்த ஒரே மலை என்று சொல்வது பொருந்தும். அதன் நடுவே நிற்கும் டெய்டே என்னும் எரிமலை 3,700 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஸ்பெயின் தேசத்திலேயே உயரமான சிகரம் அதுதான். கரையை விட்டுப் புறப்பட்டால் சமதரைச் சாலை மிகவும் சொற்பம். ஏறத் தொடங்கினால், நம் உதகமண்டலத்தின் உயரம் வரையில் ஏறிக் கொண்டே போக வேண்டியதுதான். அவ்வளவு உயரத்தில், எரிமலையின் மடியிலேயே, ஒரு ஹோட்டல் இருக்கிறது. 2012-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி வரும் மகா பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் பிரிட்டிஷ்காரரான பிராட்லி விக்கின்ஸ், அதற்கு முன் இந்த மலையில்தான் பயிற்சி செய்தார்.

"அவருக்குப் பலித்தது எனக்குப் பலிக்காதா?" என்று ஆசை எழுவது சகஜம். ஆனால் உயரமான இடத்தில் பிராணவாயு குறைவு. அந்தக் குறையை ஈடு செய்யச் சரீரம் இரத்தத்தில் சிவப்பு அணுக்களை விருத்தி செய்கிறது. அதற்கு இரண்டு மூன்று வாரங்களாவது வேண்டும். தொழில்முறைக்காரருக்கு அவகாசம் உண்டு; கூடவே வைத்தியரும் சமையற்காரரும் உண்டு. எட்டு நாள் லீவுக்காரருக்கு அங்கே கிடைப்பது மூச்சுத் திணறல்தான். பலன் வந்து சேருவதற்குள் லீவு முடிந்து விடும்.

குளிரும் அங்கே முழுவதும் விட்டபாடில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு டிகிரிக்கு மேல் உஷ்ணம் குறையும். கரையில் 20 டிகிரி இருக்கும்போது மலை மேல் ஆறு ஏழு டிகிரிதான் இருக்கக்கூடும். ஏறும்போது வியர்த்த உடம்போடு அந்தக் காற்றில் வேகமாக இறங்கினால் விறைத்துப் போகும். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக் கொண்டு இறங்குவார்கள். பத்திரிகைகளுக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருப்பது எங்களுக்குப் பெருமைதான். ஆனாலும் காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டை ஒன்றை மடித்து எடுத்துச் செல்வது உத்தமம்.

மயோர்க்காவில் வெயில் குறைவு. அவ்வப்போது மழையும் பெய்யும். ஆனால் தீவின் நடுவே விசாலமான சமவெளி. அதில் கிராமத்துக்குக் கிராமம் செல்லும் அமைதியான சிறு பாதைகள். மேற்கே டிராமுந்தானா மலைத் தொடர். காலில் வலுவுள்ள நாளில் மலைக்குப் போகலாம். வலியுள்ள நாளில் சமவெளியில் உருட்டலாம். வலு மிகுதியாக இருக்கும் நாளுக்கு ஸா கலோப்ரா இருக்கிறது: மலையிலிருந்து கடலுக்கு வளைந்து வளைந்து இறங்கும் சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர்ச் சாலை, ஓரிடத்தில் கழுத்துப் பட்டையின் முடிச்சைப்போல் தன்னைத்தானே சுற்றிக் கொள்கிறது. இறங்கியவர் சாலை வழியே திரும்ப வேண்டுமானால் வந்த வழியே ஏறியாக வேண்டும். பிப்ரவரியில் சென்றால் வாதுமை மரங்கள் பூத்திருக்கும். ஜனவரியில் கடற்கரை ஹோட்டல்கள் பல மூடிக் கிடக்கும் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, "எந்த ஊரில் வெயில் அதிகம்?" என்பது முதல் கேள்வியல்ல. "எந்த ஊரில் எட்டு நாளும் நம் சக்திக்கு ஏற்றபடி சைக்கிள் விட முடியும்?" என்பதே முதல் கேள்வி. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் 60 கிலோமீட்டர் போகிறவர், வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் தினம் 120 கிலோமீட்டர் போனால், நாலாம் நாள் முழங்கால் வீங்கி ஹோட்டல் ஜன்னல் வழியாகவே அந்த வெயிலைப் பார்க்க வேண்டி வரும். முதல் இரண்டு நாள் அடக்கமாகத் தொடங்கி, நடுவில் ஒரு நாள் ஓய்வு எடுத்து, பசி வருவதற்கு முன்பே சாப்பிட்டு வருகிறவர்தான் பலத்தோடு ஊர் திரும்புகிறார். ஏனெனில் பலம் சேருவது ஓடும்போது அல்ல; ஓடிய பின் ஓய்வெடுக்கும்போது.

டெனெரீப் கூடாது என்பது நம் கட்சியல்ல. மலை ஏறிப் பழகியவர், டிஸம்பரிலும் ஜனவரியிலும் மட்டுமே லீவு கிடைக்கிறவர், தாராளமாகப் போகட்டும். மற்றவர்கள் பிப்ரவரிக் கடைசி வரையில் பொறுத்து மயோர்க்காவுக்குப் போவது நலம்.

நம் குமாஸ்தாவுக்கு இன்னும் ஒரு யோசனை. மனைவி மக்களையும் அழைத்துச் செல்லட்டும். காலையில் அவர் சைக்கிளில் போகட்டும். மத்தியானத்துக்குள் திரும்பிக் கடற்கரையில் குழந்தைகளோடு மணல் வீடு கட்டட்டும். கட்டாயமாகக் கிடைக்கும் அந்த ஓய்வால் கால்களுக்கும் நன்மை. அடுத்த வருஷத்து அநுமதிக்கும் அதைவிட நல்ல விண்ணப்பம் வேறு இல்லை.