மோட்டார் வாங்கும் முன் கொஞ்சம் அளந்து பார்ப்போமே!

(இறுதியாண்டு, அமைப்பியல் துறை)

"வீட்டில் தண்ணீர் வேகமாக வர மாட்டேங்குது" என்று கோயம்புத்தூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்பவர் டீக்கடைக்காரராக இருந்தாலும் சரி, நன்கு படித்த உத்தியோகஸ்தராக இருந்தாலும் சரி, பதில் ஒன்றுதான்: "ஒரு அரை எச்.பி. மோட்டாரைப் போட்டு விடுங்க, சரியாப் போயிரும்!"

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. கணபதிப் பக்கமும் பீளமேட்டுப் பக்கமும் நடந்து போனால் லேத் சத்தம் காதில் விழாத சந்து குறைவு. நம் கல்லூரியிலேயே எத்தனை பேருடைய அப்பா பவுண்டரியிலும் பம்ப் கம்பெனியிலும் வேலை பார்த்துப் பீஸ் கட்டுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். மோட்டார் நமக்குச் சோறு போட்ட தெய்வம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. காய்ச்சல் என்றவுடன் நாடி பிடித்துப் பார்க்காமல் ஊசி போடுகிற வைத்தியரைத்தான் குறை சொல்கிறேன்.

மாணவ நண்பர்களே! ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் 'ஹெட்' என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருப்போம்? மார்க்குக்காக எழுதிவிட்டு மறந்துவிட்டோம். அழுத்தம் என்பது உயரம்தான். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். அடிக்கணக்கில் சொன்னால் பத்து அடிக்கு நாலே கால் பவுண்டுக்குச் சற்று மேல். சாதாரண ஒரு மாடி இல்லாத வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் சின்ன மேடை கட்டித் தொட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து பன்னிரண்டு அடி. குளியலறை ஷவர் ஆறரை அடியில் இருக்கிறது. மிச்சம் ஐந்தரை அடி. அப்படியானால் ஷவருக்குக் கிடைப்பது இரண்டரைப் பவுண்டுகூட இல்லை! சைக்கிள் டயருக்கே நாற்பது பவுண்டு அடிக்கிறோம். விளம்பரத்தில் வருவது போல ஷவர் கொட்டவில்லை என்று பிளம்பரைத் திட்டி என்ன பயன்? அதே தொட்டியை இன்னும் நாலு அடி உயர்த்தினால் அழுத்தம் முக்கால் பங்கு கூடிவிடும். நாலு அடி செங்கல் தூணுக்குக் கரண்ட் பில் வராது.

உயரத்தின் சக்திக்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாடும் கேரளாவும் 1973-ல் செய்த ஒப்பந்தத்தின்படி பாலக்காடு மாவட்டத்து மலையில் கட்டிய அணையிலிருந்துதான் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று நாம் பெருமை அடித்துக்கொள்வோமே, அதேதான். (முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்!) மலையிலிருந்து நகரம் வரைக்கும் அந்தத் தண்ணீர் சரிவை நம்பியே இறங்கி வருகிறது. அத்தனை தூரம் மோட்டார் இல்லாமல் வந்த தண்ணீருக்கு, வாசலில் இருந்து சமையலறைக்குப் போக மட்டும் மோட்டார் வைக்கிறோம்!

சரி, உயரம் இருந்தும் வேகம் வரவில்லை என்றால்? அப்போது குழாயைச் சந்தேகப்பட வேண்டும். பாதி விட்டமுள்ள குழாயில் அதே அளவு தண்ணீரை அனுப்பினால் உராய்வு இழப்பு இரண்டு மடங்கு அல்ல, முப்பத்திரண்டு மடங்கு. விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு என்று புத்தகத்தில் படித்தது இதைத்தான். பழைய ஜி.ஐ. குழாயை ஹேக்ஸாவால் அறுத்துப் பாருங்கள். உள்ளே துரு ஏறி, முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். போர் தண்ணீர் போகும் குழாயானால் உப்புப் படிந்து வெள்ளைக் கல்லாக இறுகியிருக்கும். குழாய் வாயிலுள்ள வலையையும் ஷவர் தலையையும் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டாலே பாதி வீட்டில் நோய் தீர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வாளி, ஒரு கைக்கடிகாரம் போதும். சூலூர்ப் பக்கம் இருக்கும் என் சின்னம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குளியலறையில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு பிரஷர் பம்ப் வாங்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. "ஏங்கண்ணு, நீ படிக்கற படிப்புல இதுக்கெல்லாம் மருந்து இல்லீங்களா?" என்று சின்னம்மா கேலியாகத்தான் கேட்டார். பதினைந்து லிட்டர் வாளியை எடுத்தேன். சமையலறைக் குழாயில் நிரம்ப ஒரு நிமிடம் பத்து நொடி. குளியலறைக் குழாயில் நாலு நிமிடத்துக்கு மேல். தொட்டி ஒன்று, குழாய்களின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே குற்றவாளி உயரம் அல்ல. குளியலறைக் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம், அப்போதும் அதே நூல். ஆகவே குழாயின் வாயும் அல்ல. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள கேட் வால்வு. அதன் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியை அடைத்தபடி உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வால்வு முழுக்கத் திறந்திருப்பது போலவே தெரியும். வால்வை மாற்ற ஆன செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். பிரஷர் பம்ப் வைத்திருந்தால்? அடைப்பு அடைப்பாகவே இருந்திருக்கும், பம்ப் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு கரண்டைத் தின்றுகொண்டிருக்கும்.

தொட்டி ஒருமுறை காலியாகி நிரம்பிய பிறகு திடீரென்று தண்ணீர் வராவிட்டால் அது வேறு கதை. குழாயில் காற்று சிக்கியிருக்கும். "ஏர் புடிச்சிருக்கு" என்று பிளம்பர் சொல்வது சரிதான். தொட்டியை விட்டு இறங்கும் குழாயில் தொட்டிக்கு மேலே எழும்பும்படி ஒரு காற்றுக் குழாய் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் ஊட்டிக்கு அப்பால் தலைகுந்தாப் பக்கத்துக்காரன். கீழ்நாட்டுக் கணக்கெல்லாம் மலையில் செல்லாது என்பது அவன் வாதம். மார்கழியில் அவர்கள் ஊரில் புல்வெளி உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். "குளிர்ல தண்ணி கெட்டியாயிரும்டா, அதான் மெதுவா வருது" என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தண்ணீரின் பாகுநிலை முப்பது டிகிரியில் இருப்பதைவிடப் பூஜ்யம் டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் சுழித்து ஓடுவதால் அதன் பாதிப்பு சிறிது; வரத்து பத்தில் ஒரு பங்கு குறையலாம், அவ்வளவுதான். காலையில் ஒரு குழாய் அடியோடு நின்று, மற்றவை ஓடினால் காரணம் வேறு: மண்ணுக்கு மேலே வெட்டவெளியில் கிடக்கும் மெல்லிய குழாயில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் உறைந்திருக்கும். உறைந்த தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். குழாய் வெடிப்பது அதனால்தான், வெடித்தது தெரிவதோ வெயில் ஏறிய பிறகுதான்! முதலில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் வாய்ப் பக்கமிருந்து பின்னோக்கிச் சூடு கொடுத்துப் போக வேண்டும். தீப்பந்தம் கூடவே கூடாது. லடாக் மாதிரி கடுங்குளிர் நாட்டில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே குழாயைப் புதைக்கிறார்கள். நீலகிரிக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம், மண் மூடினாலே போதும். மலையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரே தெருவில் மேட்டு வீட்டுக்காரருக்கு அழுத்தமே இல்லை, பள்ளத்து வீட்டுக்காரருக்கு அழுத்தம் தாங்காமல் குழாய் பிய்த்துக்கொள்ளும். எண்பது அடி இறக்கம் என்றால் முப்பத்தைந்து பவுண்டு வித்தியாசம். கடைசியில் நண்பனும் உயரக் கணக்குக்கே வந்து சேர்ந்தான்.

இதுவரை சொன்னது ஒரு வீட்டுக்குள் நடப்பது. தப்பாகச் செய்தால் நஷ்டம் அந்த வீட்டாருக்கு மட்டும். தெருக்குழாய் அப்படியல்ல. என்னை எழுத வைத்ததே அதுதான்.

நாங்கள் குடியிருப்பது நகரத்துக்கு வெளியே, லைன் வீடு. தெருவின் கடைசி. எங்கள் வீட்டுக் குழாய் தரைக்கு மேலே இல்லை. மூன்றடிக் குழிக்குள் இருக்கிறது. அம்மா குழிக்குள் இறங்கி, குனிந்து, சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்றுவார். மூன்றடி கீழே போனால் மூன்றடி அழுத்தம் கூடுதல் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காத எங்கள் தெருப் பெண்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோவை மாவட்டத்தில் இப்படிக் குழிக் குழாய் பார்க்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்!

அப்பா கொத்தனார். கட்டட வேலையில் மட்டம் பார்க்க நீளமான, கண்ணாடி போன்ற டியூப் வைத்திருப்பார். அதன் ஒரு முனையைக் குழிக் குழாயில் செருகி மறுமுனையை மேலே தூக்கிப் பிடித்தால், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதுதான் அழுத்தம். நூறு ரூபாய் பிரஷர் கேஜ்! ஒருநாள் தண்ணீர் விடும் நேரத்தில் நானும் அப்பாவும் பிடித்துப் பார்த்தோம். முதலில் தரைக்கு மேல் இரண்டடி ஏறி நின்றது. பிறகு முன்வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. டியூப்பில் தண்ணீர் இறங்கியது. தரைமட்டம், குழி மட்டம்... கடைசியில் டியூப்பில் நின்ற தண்ணீரையே குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. முனையில் விரலை வைத்தால் விரலைக் கவ்வியது. "குழாய் தண்ணி குடுக்கறதுதானே, இது என்னடா குடிக்குது?" என்றார் அப்பா.

மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. தரைத்தள வீட்டுக்கு ஏழு மீட்டர், ஒரு மாடி இருந்தால் பன்னிரண்டு, இரண்டு மாடி என்றால் பதினேழு மீட்டர் அழுத்தம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று. ஏழு மீட்டர் என்றால் இருபத்து மூன்று அடி. எங்களுக்கு மோட்டார் ஓடாத போதே இரண்டடிதான்.

உறிஞ்சும் குழாய் எதை உறிஞ்சும்? பக்கத்தில் சாக்கடை போகிறது. குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும் வரை ஓட்டை வழியே நல்ல தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனால் வெளியே இருப்பது உள்ளே வரும். மோட்டார் வைத்தவர் அடுத்தவன் பங்கை எடுக்கிறார் என்பது பாதிதான். தன் வீட்டுக் குடத்துக்கே சாக்கடையையும் சேர்த்து அழைக்கிறார் என்பது மீதி. குடிநீர் இணைப்பில் நேராக மோட்டார் வைப்பது விதிமீறல், பிடித்தால் பறிமுதல் செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வைக்கிறார்கள். அவர்களை நான் முழுக்கக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். முன் வீட்டுக்காரர் வைத்தார், அதனால் இவர் வைத்தார். யாரும் வைக்காவிட்டால் எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஒருவர் வைத்துவிட்டால் வைக்காதவன் ஏமாளி. முறையான வழி சுலபமானது. தரைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டி, தெருக்குழாய்த் தண்ணீர் தானாக அதில் விழட்டும். அந்தத் தொட்டியிலிருந்து மோட்டாரால் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது மோட்டாரும் ஓடும், பக்கத்து வீட்டுக் குழாயும் ஓடும்.

கோவை மாநகரில் நாள் முழுவதும் குடிநீர் தருவதற்கு 2018-ல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. எப்போதும் நிரம்பியிருக்கும் குழாய்க்குள் வெளியழுக்கு எளிதில் நுழையாது என்பதால் அந்த எண்ணத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் மாநகர எல்லைக்கு வெளியே எங்களைப் போலக் குழிக்குள் இறங்குகிறவர்கள் அதுவரை என்ன செய்வது?

இங்கேதான் பேரவைக்கு என் கோரிக்கை. வருஷா வருஷம் முகாம் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் புல் வெட்டுகிறோம், பேரணி நடத்துகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இந்த முறை ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் விடும் நாளில் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு, மூன்று இடத்தில் டியூப்பைப் பிடித்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வைப்போம். மோட்டாரை எல்லாரும் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி மறுபடியும் குறிப்போம். அந்த இரண்டு கோடுகளையும் ஒரு சார்ட்டில் வரைந்து தெருமுனை டீக்கடையில் ஒட்டினால், நோட்டீஸும் எச்சரிக்கையும் செய்யாததை அது செய்யும் என்று நினைக்கிறேன். யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல. வீட்டு எண்கூட எழுத வேண்டாம்.

சர்வே நோட்டு லேபிலேயே இருக்கிறது. டியூப்பை நான் கொண்டு வருகிறேன். அப்பாவிடம் இரண்டு உண்டு. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.