பிள்ளைகளின் கவிதையைப் பெரியவர்கள் எழுதக் கூடாது

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நம் அமைப்பின் உறுப்பினர்கள் நடத்திவரும் கவிதைப் பயிற்சி குறித்து எழுந்த சர்ச்சையை உறுப்பினர்கள் அறிவார்கள். “போட்டிக்கு நாலு கவிதை எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள்” என்ற பள்ளிகளின் கோரிக்கையை நம் செயற்குழு விரிவாக விவாதித்தது. எழுதித் தர இயலாது என்பதே நம் முடிவு.

பாடநூலின் மனப்பாடப் பாடலை அடிபிறழாமல் எழுதுவது வேறு பயிற்சி. அதற்கு நாம் எதிரி அல்ல. எதுகை, மோனையை எப்போது கற்பிக்கத் தொடங்குவது என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. இப்போதைக்குக் கூடுமானவரை விளையாட்டாக அறிமுகப்படுத்தலாம். பேச்சுவழக்குச் சொற்களைப் பொதுவாக அடிக்க வேண்டியதில்லை. மதிப்பெண் வேண்டாம்.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முடிச்சூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை ஒரு மாணவி பின்னர் ஏழாம் வகுப்பில் எழுதினாள். வெயிலில் காயவைத்த நோட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டதையும், பிரித்தபோது பாதித் தாள் அந்தப் பக்கமே தங்கிவிட்டதையும் எழுதியிருந்தாள். பெரியவர்கள் மாற்றி எழுதிப் போட்டிக்கு அனுப்பிய பிரதியில் அந்த நோட்டு இல்லை. இயற்கை அன்னையின் சீற்றமும் மானுடத்தின் பேராசையும் வந்து உட்கார்ந்திருந்தன. அந்த வரிகளை எழுத வெள்ளத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம்! பரிசும் கிடைத்தது. உன் வீடும் உன் நோட்டும் கவிதைக்கு ஆகாது என்பதைத்தான் அந்தப் பிள்ளைக்கு மேடையேற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இதைத் ‘திருத்தம்’ என்று அழைப்பதை ஏற்க மாட்டோம். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கினாலும் இதே கணக்குத்தான்.

போட்டிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் கவிதைக்கும் இடமுண்டு. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளின் மாணவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘தேன்சிட்டு’ இதழும் இருக்கிறது. அங்கெல்லாம் பிள்ளைகள் எழுதியதே போகட்டும், பரிசு வராவிட்டாலும்.

பள்ளிகளின் நெருக்கடி நமக்குப் புரியாததல்ல. சூழ்நிலைக்கேற்பப் பேசித் தீர்க்க என்றும் தயார். எனினும், மாணவர் பெயரில் கவிதை எழுதிக் கொடுக்கும் உறுப்பினர் இனி நம் சார்பில் வகுப்பெடுக்க முடியாது. ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளையின் கையெழுத்தில் உள்ள முதல் பிரதியைக் கிழிக்காமல், அடிக்காமல், அப்படியே போட்டிக்கு அனுப்புங்கள்.