கூத்து என்பது வசையா?

மலேசியாவில், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ‘கூத்து’ என்ற சொல் காதில் விழுந்தால், பெரும்பாலும் அது வசையாகத்தான் இருக்கிறது. ஒழுங்கு கெட்டால் ‘என்ன கூத்து இது’, பிள்ளை ஊர் சுற்றினால் ‘கூத்தடிக்கிறான்’, நடிகரை இழிக்க ‘கூத்தாடி’. மேடையில் நடப்பதற்கோ நாடகம், டிராமா, கலைநிகழ்ச்சி என்று வேறு பெயர்கள். பழந்தமிழில் இந்தத் தீண்டாமை இல்லை. மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என்று வகை பிரித்து விளக்குகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடியவருக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்கச் சொல்லும் சோழர் கல்வெட்டு, அவரைச் சாந்திக்கூத்தன் என்றே குறிக்கிறது. தில்லை இறைவனையே கூத்தன் என்று அழைத்த மொழியல்லவா இது!

சொல்லின் பொருள் மாறுவது இயல்புதானே என்பார்கள். உண்மைதான். பாசாங்கைச் சுட்ட இந்த நாட்டில் ‘வாயாங்’ என்ற மலாய்ச் சொல்லையும் ஆள்கிறார்கள். ஆனால் அதே சொல் வாயாங் கூலிட் என்னும் நிழற்பாவை ஆட்டத்துக்கும் பெயராக வாழ்கிறது. அதை நடத்துபவரை தோக் டாலாங் என்று மதிப்போடு அழைக்கிறார்கள். கலை கண்முன் இருக்கும்வரை வசையால் சொல்லை முழுதாக விழுங்க முடியாது. நம் நிலைமை வேறு. நம்மவர் வேலை செய்து வாழ்ந்த தோட்டங்கள் கைமாறி, அவர்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த ஆட்டங்களும் பெரும்பாலும் நின்றுபோயின. பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கலை கிடைக்கவில்லை, வசை மட்டும் வந்து சேர்ந்தது.

போன மரியாதை திரும்பாது என்று நான் நம்பவில்லை. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்து, மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய நவீன நாடகக் குழு, கூத்துப்பட்டறை என்ற பெயரைப் பெருமையோடு சூடிக்கொண்டது. இங்கே அந்த மரியாதையை மீட்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் அமளி நடந்தால் பத்திரிகைகள் அதைக் ‘கூத்து’ என்னாமல் ‘அமளி’ என்றே எழுதட்டும். தமிழ்ப்பள்ளி விழாவில் பிள்ளைகள் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனை முன்னிறுத்தி ஒரு பாரதக் கதையை ஆடினால், அழைப்பிதழில் ‘கூத்து’ என்றே அச்சாகட்டும். பெற்றோர் முகம் சுளிப்பார்களோ என்று ஆசிரியர்கள் தயங்கலாம். அந்தத் தயக்கத்தை அழைப்பிதழில் தீர்க்க முடியாது. பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.